விருந்தாளிப் பணம்

'மாத வருமானம்' என்று ஒரு கட்டம். தீப்பெட்டியைவிடச் சின்னது. அந்தக் கட்டத்தால் சோபாக்காவின் நான்காவது வேலைநாளும் நாசமாகிக்கொண்டிருந்தது.

சோபாவுக்கும் நாற்காலிக்கும் உறை மாற்றித் தைப்பது அவள் தொழில். தெருவில் பாதிப் பேருக்கு அவள் நிஜப் பெயரே தெரியாது. ஏதாவது ஓர் உணவகம் அறுபது நாற்காலியை மொத்தமாக இறக்கினால் அந்த மாதம் கை நிறையக் காசு. அடுத்த இரண்டு மாதம் ஒரு முக்காலிகூட வாசலை எட்டிப் பார்க்காது. இப்படிப் பிழைக்கிறவளிடம் போய், மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாள்? "எந்த மாசம்?" என்றுதான் கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த நாலாம் ஜன்னல் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எல்லா மாசத்துக்கும் சேர்த்து ஒரே நம்பரா எழுதுங்க."

"எல்லா மாசமும் ஒரே மாதிரி சம்பாதிச்சா நான் ஏன்மா இங்க வந்து நிக்கிறேன்?"

"அடுத்தவங்க வெயிட் பண்றாங்க."

கடன் நிவாரண அலுவலகம் என்று வெளியே பெரிய பலகை இருந்தது. கடனைக் கட்ட முடியாமல் திணறுகிறவர்கள் இங்கே விண்ணப்பித்தால், வட்டியை நிறுத்தி, வருமானத்துக்குத் தக்கபடி சின்னத் தவணைகளாகப் பிரித்துத் தருவார்கள். விண்ணப்பத்தில் 'ஏற்கப்பட்டது' என்ற முத்திரை விழுந்துவிட்டால் போதும், அன்றிலிருந்து கடன் கொடுத்த எவனும் அவள் பொருளில் கை வைக்க முடியாது. சோபாக்காவுக்கு வேண்டியது அந்த முத்திரை ஒன்றுதான். அதுவும் பதினெட்டாம் தேதிக்குள் வேண்டும். பதினெட்டாம் தேதி காலையில் ஃபைனான்ஸ்காரர்கள் லாரியோடு வந்து அவளுடைய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். மூன்று தவணை பாக்கி, தவணைக்கு ஒன்பதாயிரம்.

அது சாதாரண மெஷின் இல்லை. நாலு மடிப்பு ரெக்சினையும் தோலையும் ஒரே இழுப்பில் தைத்துத் தள்ளும். இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அது போனால் சோபாக்கா கையூசியை வைத்துக்கொண்டு பட்டன்தான் தைக்க வேண்டும். பிறகு மாத வருமானம் கட்டத்தில் தைரியமாக ஒரு முட்டை போடலாம்.

முதல் தடவை வந்தபோது, விண்ணப்பத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள் என்பதற்காகத் திருப்பி அனுப்பினார்கள். மடித்த காகிதம் ஸ்கேன் மெஷினில் சிக்கிக்கொள்ளுமாம். இரண்டாம் தடவை சம்பளச் சான்றிதழ் கேட்டார்கள். எனக்கு முதலாளியே கிடையாது, நான்தான் முதலாளி என்றாள். அப்படியானால் முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்கள். அடக் கொடுமையே! வீட்டுக்குப் போய், 'என்னிடம் வேலை செய்யும் நான் ஒழுங்காக வேலை செய்கிறேன் என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்' என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டு வந்தாள். அதை மறுபேச்சில்லாமல் வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு, ரெக்சின் வாங்கிய பில், ஃபோம் வாங்கிய பில் எல்லாம் கேட்டார்கள். கொடுத்தாள். இன்று பதினைந்தாம் தேதி. இன்றைக்கு முடிவு.

காத்திருந்த நேரத்தில் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது அங்கிருந்த நாற்காலிகள். வரிசையாக முப்பது. அத்தனையும் ரெக்சின் கிழிந்து மஞ்சள் ஃபோம் வெளியே வந்தவை. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லும் இடம் என்பதால், உட்கார்ந்தவர்கள் எல்லாம் கவலையில் ஃபோமைக் கிள்ளிக் கிள்ளிக் குழி பறித்து வைத்திருந்தார்கள். மட்டமான ஃபோம். அதைப் போட்டவனைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது.

"உங்க விண்ணப்பத்தை ஏத்துக்க முடியாது" என்றாள் நாலாம் ஜன்னல் அம்மா.

"ஏன்?"

"உங்க சராசரி மாத வருமானம் எண்பதாயிரத்து அறுநூறு. பொருள் செலவெல்லாம் கழிச்ச பிறகு. எங்க உச்ச வரம்பு அறுபதாயிரம். உங்களுக்கு நிவாரணம் தேவையில்ல, வசதியாவே இருக்கீங்க."

சோபாக்கா திரும்பிப் பார்த்தாள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பின்னால் ஒருவரும் இல்லை.

"எண்பதாயிரமா? எனக்கா? அம்மா, என் செருப்பைப் பாருங்க!"

"செருப்பெல்லாம் ஆவணம் இல்லம்மா. பாருங்க, மாசாமாசம் அஞ்சாம் தேதி அம்பதாயிரம் வரவு. பன்னெண்டு மாசமும் தவறாம வந்திருக்கு. உங்க கணக்கிலேயே ஒழுங்கா வர்ற வருமானம் இது ஒண்ணுதான்."

சோபாக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். விருந்தாளி! பாழாய்ப்போன விருந்தாளி!

விருந்தாளி யார் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, உங்கள் கணக்கில் பணப்புழக்கம் போதவில்லை என்று வங்கியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குள் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவள் தம்பியிடம் ஐம்பதாயிரம் கையிருப்பு இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அதை அக்காவின் கணக்குக்கு அனுப்புவான். எட்டாம் தேதி அவள் திருப்பி அனுப்பிவிடுவாள். அதே காசு, போவதும் வருவதுமாக. பார்க்கிற வங்கிக்காரனுக்கு அக்கா கடையில் வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிற மாதிரி தெரியும். மூன்று நாள் தங்கிவிட்டுப் போவதால் விருந்தாளி என்று பேர் வைத்தார்கள். "விருந்தாளி வந்தாச்சா?" என்று தம்பி போனில் கேட்பான். "வந்தாச்சு. கைய கால நீட்டி நல்லாப் படுத்திருக்காரு" என்பாள் இவள். நாலு மாதத்தில் அந்த வங்கியின் ஃபைனான்ஸ் கம்பெனியில் மெஷின் கடன் கிடைத்தது. கணக்கை இப்படியே வைத்திருந்தால் அடுத்து பெரிய கடன் தருகிறோம் என்று வங்கியில் ஆசை காட்டினார்கள். "நிறுத்திடாதடா" என்று சோபாக்கா தம்பியிடம் சொல்லி வைத்தாள். அவனும் நிறுத்தவில்லை.

அதன் பிறகுதான் ஓர் உணவகக்காரன் வந்தான். நூற்றிருபது நாற்காலிக்கு உறை வாங்கிக்கொண்டு, கடையையும் மூடி, போனையும் அணைத்துவிட்டு மாயமாகிவிட்டான். ரெக்சின் கடையில் வாங்கிய கடன், அதை அடைக்க கார்டில் எடுத்த கடன், இதற்கு நடுவே மெஷின் தவணை, எல்லாம் சேர்ந்து ஐந்தரை லட்சம் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்தது.

இதையெல்லாம் மூச்சு விடாமல் ஜன்னலுக்கு உள்ளே கொட்டினாள். நாலாம் ஜன்னல் அம்மா கொட்டாவியை மென்று விழுங்கினாள்.

"வந்தது மட்டும்தான் எங்க கணக்கு. எட்டாம் தேதி போனது உங்க சொந்தச் செலவு."

"சொந்தச் செலவா? அது என் காசே இல்லம்மா!"

"அப்படின்னா அனுப்பினவரைக் கூட்டிட்டு வாங்க. இந்த உறுதிமொழிப் படிவத்துல அவர் எழுதிக் கையெழுத்துப் போடணும், அது வருமானம் இல்ல, அவர் பணம், திரும்ப வாங்கிட்டார்னு. கொண்டுவந்தா கழிச்சிட்டு மறுபடி பார்க்கலாம்." ஒரு நொடி நிறுத்திச் சொன்னாள். "மடிக்காம கொண்டுவாங்க."

தம்பிக்கு மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. அனுப்பிய செய்திக்கு 'பாக்கறேன்க்கா' என்று ஒரு சொல் வந்தது. அவ்வளவுதான். இரவெல்லாம் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே கிடந்தாள். இவனுக்குப் பத்து வயதானபோது அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வளர்த்து, படிக்க வைத்து, கடை வைத்துக் கொடுத்தது இவள்தான். கல்யாணம் என்கிற செலவைத் தன் வாழ்க்கையில் சேர்க்கவே இல்லை. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகு பண்ணுகிறானே!

பதினாறாம் தேதி காலையில் கடைக்கே போய் நின்றாள். ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பொந்துதான் அவன் கடை. அவன் உட்கார்ந்தால் இன்னும் ஒரே ஒரு முக்காலிக்குத்தான் இடம். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, எள்ளைவிடச் சின்ன திருகாணி ஒன்றை இடுக்கியால் தூக்கிக்கொண்டிருந்தான்.

"போன் ரிப்பேர் பண்ற கடையில போன் எடுக்க ஆள் இல்ல, அப்படித்தானே?"

இடுக்கி நழுவியது. திருகாணி எங்கேயோ போய்விட்டது.

"வேலையா இருந்தேன்க்கா."

"நேத்து பூரா வேலை. நல்லா இருடா. இந்தா, இதுல எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்குக் காலையில என்கூட வந்து அந்த மகராசி முன்னாடி நில்லு. நாளைக்கு விட்டா நாளன்னிக்கு என் மெஷின் லாரில இருக்கும்."

அவன் படிவத்தை வாங்கி வாசித்தான். 'இது என் சொந்தப் பணம் என்று உறுதி கூறுகிறேன். பொய்யெனில் தண்டனைக்கு உள்ளாவேன்' என்று அச்சடித்திருந்த வரி வரைக்கும் வந்தான். காகிதத்தை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

"நாளைக்குப் பார்ப்போமே அக்கா."

"எதைடா பார்க்கணும்? உன் பணம், நீ அனுப்பின, நீ வாங்கிக்கிட்ட. இதுல பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?"

"இல்ல... கவர்ன்மென்ட் ஆபீஸ்... எழுத்துல குடுக்கிறதுன்னா..."

"பயமா? உன் அக்கா தெருவுக்கு வந்தாலும் பரவாயில்ல, உன் கையெழுத்து பத்திரமா இருக்கணும்! அதான?"

அவன் தலையைத் தொங்கப் போட்டான். பிடியே கொடுக்கவில்லை. இத்தனை வருடமாக அவள் கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ஒன்று உண்டு. தவணை தவறிய மூன்று மாதமும் வாய் வரை வந்து விழுங்கிய ஒன்று. அக்காவாக இருந்துகொண்டு தம்பியிடம் கை நீட்டுவதாவது என்று விழுங்கினாள். இப்போது வேறு வழியில்லை.

"சரி, எழுத வேண்டாம். அந்த விருந்தாளியையே குடு. அதுல இருபத்தேழாயிரம் எடுத்து மெஷின் பாக்கியக் கட்டிடறேன். மாசாமாசம் திருப்பித் தந்துடறேன்டா. உன்கிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

தம்பி பூதக்கண்ணாடியைக் கழற்றினான். அந்தக் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"விருந்தாளி இல்லக்கா."

"இல்லன்னா?"

"செத்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. ஸ்க்ரீன் மொத்தமா வாங்கிப் போட்டேன்ல, அத்தனையும் டூப்ளிகேட். கைல இருந்த அம்பதாயிரமும் அதோட போச்சு."

"அப்ப மாசாமாசம் வந்தது?"

"எதிர்ல இரும்புக் கடைக்காரர்கிட்ட அஞ்சாம் தேதி வாங்குவேன். உனக்கு அனுப்புவேன். எட்டாம் தேதி நீ அனுப்பினதும் அவர்கிட்ட குடுத்துடுவேன். மூணு நாளைக்கு ஆயிரத்தைநூறு வட்டி."

சோபாக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள், அது வரவில்லை. அதற்குப் பதில் தலைக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. ஆயிரத்தைநூறு. பதினெட்டு மாதம். வாடிக்கையாளர்கள் உட்காரும் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அதன் உறை அவளே தைத்துக் கொடுத்தது.

"இருபத்தேழாயிரம்" என்றாள்.

"ஆமாக்கா."

"என் மூணு தவணை, எண்ணி வச்ச மாதிரி. என்கிட்ட காசு இருக்குன்னு காட்டறதுக்கு, என்கிட்ட இருக்க வேண்டிய காசை வட்டியாக் கட்டியிருக்க."

"அப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலக்கா."

"டேய், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? பணம் போச்சுன்னு அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீதான சொன்ன?" அவன் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அந்த உணவகக்காரன் ஓடிப் போனானே, அன்னிக்கு சாயந்தரம் இங்க வந்து உட்கார்ந்து என்ன சொன்ன? 'எல்லாம் போனாலும் அந்த அம்பதாயிரம் நம்ம கிட்ட இருக்குடா, அந்தத் தைரியத்துலதான் நான் கண்ணை மூடித் தூங்குறேன்'னு சொன்ன. அது போயி அப்ப ரெண்டு மாசம். உன்கிட்ட போயி அது செத்துப்போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் சொன்னதென்னவோ உண்மை. கேட்க மாட்டாள், தொட மாட்டாள், ஆனால் மாதம் மூன்று நாள் அந்த எண் தன் கணக்கில் இருப்பதைப் பார்த்தால் போதும், நெஞ்சு சமாதானமாகிவிடும். அந்த மூன்று நாள் அவள் கணக்கை எத்தனை தடவை திறந்து பார்ப்பாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"முட்டாப் பயலே" என்றாள். கீழே குனிந்து, கால் பக்கம் கிடந்த திருகாணியை எடுத்து அவன் மேசைமேல் வைத்தாள்.

பதினேழாம் தேதி ஜன்னல் திறப்பதற்கு முன்பே இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். தம்பி இரவே படிவத்தை எழுதி முடித்திருந்தான். 'என் சொந்தப் பணம்' என்ற வரியை அடித்துவிட்டு, இரும்புக் கடை, வட்டி, மூன்று நாள் எல்லாவற்றையும் மணி மணியாக எழுதி, இரும்புக் கடைக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தான். இரண்டு அட்டைக்கு நடுவே, ஒரு சுருக்கம்கூட விழாமல் காகிதம் வந்து சேர்ந்தது.

நாலாம் ஜன்னல் அம்மா மேலிருந்து கீழே வாசித்தாள். பாதியில் நின்றாள். மறுபடி வாசித்தாள்.

"வட்டிக்கு வாங்கி, அனுப்பி, திரும்ப வாங்கி, திரும்பக் கட்டினீங்களா? ஒண்ணரை வருஷமா?"

"ஆமாங்க."

"பேங்க்ல கேட்டா நாங்க இதை மறைக்க முடியாது."

"கேக்கட்டும்மா" என்றாள் சோபாக்கா. "கேட்டா நான் சொல்லிக்கிறேன். அவங்களும் கொஞ்சம் கண்ணத் தொறந்து பார்த்திருக்கலாம்."

அந்த அம்மாவின் பேனா ஒரு கட்டத்தில் வந்து முட்டியது. "இங்க பாருங்க. 'பணம் அனுப்பிய காரணம்'னு கேட்டா, 'அக்கா நிம்மதியாகத் தூங்குவதற்காக'ன்னு எழுதியிருக்கீங்க. இப்படியெல்லாம் எழுதக் கூடாது. முறையான காரணம் வேணும். வியாபாரமா, கடனா, அன்பளிப்பா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். நான்கு தடவை அலைந்த எரிச்சல், தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ், செருப்பு ஆவணம் இல்லை என்ற பேச்சு எல்லாம் திரண்டு சோபாக்காவின் தொண்டைக்கு வந்தன. கத்தத்தான் வாயைத் திறந்தாள். குரல் உடைந்துபோய் வந்தது.

"அம்மா, இந்த ஆபீசுக்கு நான் குடுத்த காகிதத்துலேயே முழுசா நெஜம் எழுதின கட்டம் அது ஒண்ணுதான். அதையும் மாத்தச் சொல்லாதீங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். பிறகு கால்குலேட்டரை இழுத்து, எண்பதாயிரத்து அறுநூறிலிருந்து ஐம்பதாயிரத்தைக் கழித்து, விண்ணப்பத்தை ஜன்னல் வழியே நீட்டினாள்.

"கட்டத்தை நிரப்புங்க."

முப்பதாயிரத்து அறுநூறு. சோபாக்கா எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாள் முழுக்கக் குனிந்து, ஸ்டேப்ளர் துப்பாக்கியால் விரலெல்லாம் காய்த்துப்போன உழைப்பு. இவ்வளவுதானா? இரண்டு வருடமாக அவள் எண்பதாயிரக்காரி போலவே கடன் வாங்கியிருக்கிறாள், எண்பதாயிரக்காரி போலவே வாக்குக் கொடுத்திருக்கிறாள். வங்கியை ஏமாற்றக் கூட்டி வந்த விருந்தாளியை, எல்லாரையும் விட அதிகமாக நம்பியவள் அவள்தான்.

"இவ்வளவுதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு காகிதத்தை உள்ளே தள்ளினாள்.

முத்திரை விழுந்தது. ஏற்கப்பட்டது. மாதம் நாலாயிரம், முதல் தவணை அடுத்த மாதம். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு இன்றைக்கே கடிதம் போய்விடும், நாளைக்கு லாரி வராது என்றாள் நாலாம் ஜன்னல் அம்மா. கடைசியாகக் குரலைத் தணித்து, "இந்த நாற்காலிக்கெல்லாம் உறை போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள்.

"செஞ்சு தரேன்மா. ஆனா அந்தக் காசையும் வருமானத்துல சேர்ப்பீங்களா?"

"சேர்ப்போம்."

"அப்ப கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் சோபாக்கா. அந்த அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

மெஷின் வீட்டிலேயே இருக்கப்போகிறது. அந்த எண்ணம் மெல்லத்தான் உள்ளே இறங்கியது. கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். தம்பி பக்கத்தில் இல்லை. வாசல் ஓரத்தில், புது விண்ணப்பங்கள் அடுக்கியிருந்த பெட்டி முன்னால் முதுகைக் காட்டி நின்றான். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் ஒன்றை உருவினான். இவனும் கழுத்து வரை கடனில் மூழ்கித்தான் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே, படுபாவி. காகிதத்தை அவசர அவசரமாக இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான், சட்டைப் பைக்குள் திணிக்கப் போனான்.

சோபாக்கா போய் அவன் கையைப் பிடித்தாள். அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பெட்டியிலிருந்து புதிதாக இன்னொன்றை எடுத்து, காலையில் படிவம் வைத்துக் கொண்டுவந்த அதே இரண்டு அட்டைக்கு நடுவே நீட்டி வைத்து அவனிடம் கொடுத்தாள்.

"மடிக்காதடா" என்றாள். "மடிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க."